வில்சன் ஆங்கிலேயர் அல்லர்: ஒரு கலைக்களஞ்சியப் பதிப்புக் குழுவுக்குத் திறந்த மடல்

பதிப்புக் குழுவினருக்கு,

தங்கள் உலக ஓவியர் தொகுதியில் 18ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியர் ரிச்சர்ட் வில்சனைப் பற்றிய பதிவு 11 வரிகளில் முடிந்துவிடுகிறது. முதல் வரி அவரை ‘ஆங்கிலேய ஓவியர்’ என்கிறது. கடைசி வரி ‘லண்டனில் வறுமையில் இறந்தார்’ என்கிறது. இரண்டுமே பிழை. அவர் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டில் பிறந்தார், வேல்ஸில் இறந்தார், வேல்ஸ் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தப் பதிவை எழுதி அனுப்பியவன் நான். நான் அனுப்பிய 7 பக்கங்களில் இந்த இரண்டு தொடர்களும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தொகுதி கைக்கு வந்ததும் திருத்தம் கேட்டு மூன்று முறை எழுதினேன். சென்ற மாதம் மறுமொழி வந்தது. வேல்ஸ் இங்கிலாந்துக்குள் அடங்கியது என்றே தமிழ் வாசகர் கொள்வது வழக்கம் என்றும், அதை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்றும், வில்சனின் முக்கியத்துவம் அவர் பின்வந்த ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னருக்கு முன்னோடியாக இருந்ததில் இருக்கிறதே தவிரப் பிறந்த ஊரில் இல்லை என்றும், பள்ளி மாணவர்களுக்காக வரவிருக்கும் சுருக்கப் பதிப்பிலும் இதே வாசகம் இடம்பெறும் என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். பெரியவர்கள் படிக்கும் நூலில் ஒரு பிழை இருந்தால் அதை அறிந்தவர் எவராவது திருத்திக்கொள்வார். பள்ளிப் பிள்ளையின் கையில் போகும் நூலில் அதே பிழையைத் தெரிந்தே அச்சிடப் போகிறோம் என்று ஒரு குழு முடிவெடுத்திருக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வேல்ஸின் வடகிழக்கில், மோல்டு என்ற சிற்றூருக்கு அருகில் 18 ஆண்டுகளாக வாழ்கிறேன். ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்க்கிறேன். மோல்டு என்பது ஆங்கிலப் பெயர். ஊராருக்கு அது ‘அர் வித்க்ரிக்’. ஊரின் உயரமான பகுதியில் நிற்கும் புனித மரியாள் தேவாலயத்தின் வளாகத்தில்தான் வில்சனின் கல்லறை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். கல்லில் இருக்கும் எழுத்துகளை ஒரு பிள்ளை விரலால் தடவித் தடவி வாசிக்க, மற்றவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த மனிதர் லண்டனில் இறந்தார் என்று சொல்லும் நூலின் பங்களிப்பாளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்தக் கல்லின் முன் நின்று நான் என்ன பாடம் சொல்வது?

தாங்கள் வெட்டிய பக்கங்களில் இருந்ததைச் சுருக்கமாகவாவது இங்கே சொல்லியாக வேண்டும்.

வில்சன் பிறந்தது நடு வேல்ஸில், மஹன்லெத் என்ற ஊருக்கு அருகில் உள்ள பெனகோஸ் என்ற சிற்றூரில். ஆண்டை 1713 என்றும் 1714 என்றும் எழுதுகிறார்கள். தந்தை அவ்வூர்த் திருச்சபைக் குரு. மகனுக்கு இலத்தீனையும் அதன் கவிஞர்களையும் அவரே கற்பித்தார். தாய் மோல்டுப் பக்கத்து வின் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1729இல் அந்தக் குடும்பத்தின் உறவினரான சர் ஜார்ஜ் வின் பையனை லண்டனுக்கு அனுப்பி, தாமஸ் ரைட் என்ற உருவப்பட ஓவியரிடம் தொழில் பழக வைத்தார். அடுத்த 20 ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது முகங்கள்தான். பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரான சிறுவனையும் அவன் தம்பியையும் ஆசிரியரோடு சேர்த்து வரைந்த படம் அந்தக் காலத்தது. நல்ல படம்தான், ஆனால் அதோடு அவர் நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றிப் பேச அதிகம் இருந்திருக்காது.

1750இல் இத்தாலிக்குப் போனார். வெனிஸில் சுக்கரெல்லி என்ற நிலக்காட்சி ஓவியரின் உருவத்தை வரைந்து கொடுத்து, கூலியாக அவருடைய நிலக்காட்சி ஒன்றை வாங்கிக்கொண்டார். முகங்களை விட்டுவிட்டு நிலத்தை வரையும்படி வெனிஸில் சுக்கரெல்லியும் ரோமில் பிரெஞ்சு ஓவியர் வெர்னேயும் ஊக்கினார்கள் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. தெர்னி அருவியின் முன் நின்றபோது வேறொன்றும் சொல்லத் தோன்றாமல், ‘சபாஷ் தண்ணீரே!’ என்று கடவுள் மேல் ஆணையிட்டுக் கூவினாராம். அந்தக் காலத்தில் ஓவியரிடையே உலவிய கதை இது; நான் இதை நம்புகிறேன். பிள்ளைகளுக்கு எத்தனையோ கலைச்சொற்களைக் கற்பித்திருக்கிறேன். அருவியின் முன் ஒருவன் நிற்கும் நிலையை அந்த ஒரு கூவலுக்குமேல் எந்தச் சொல்லும் காட்டியதில்லை. தங்கள் பதிவின் மேலே அச்சிட்டிருக்கும் உருவப்படம் ரோமில் மெங்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் அவரை வரைந்தது. அது இன்று கார்டிஃபில், வேல்ஸின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1757 வாக்கில் லண்டன் திரும்பினார். 1760இல் காட்சிக்கு வைத்த நியோபி ஓவியத்தைக் கம்பர்லாந்து கோமகன் வாங்கினார். அதை வில்லியம் வூலெட் செப்புத் தகட்டில் செதுக்க, 1761இல் பாய்டெல் என்ற பதிப்பாளர் வெளியிட்ட அச்சுப் பிரதிகள் வில்சனின் பெயரை எங்கும் கொண்டுபோயின. கிரேக்கக் கதையில் பிள்ளைகளை இழக்கும் தாய் நியோபி. இடி மின்னலுக்கிடையே மேகத்தில் அமர்ந்து அப்பல்லோ தேவன் அந்தப் பிள்ளைகள்மேல் அம்பு எய்கிறான். 1768இல் லண்டனில் ராயல் அகாதமி என்ற கலைஞர் கழகம் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக வில்சன் இருந்தார். இவ்வளவையும் தாங்கள் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டீர்கள், அதில் எனக்கு மனக்குறை இல்லை. அதன் பிறகு 1760களிலும் 70களின் தொடக்கத்திலும் அவர் தம் நாட்டை வரைந்ததைத்தான் தாங்கள் ஒரு சொல்கூட விடாமல் நீக்கியிருக்கிறீர்கள். என் கருத்தில் அவருடைய வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

லிவர்பூல் நகரின் வாக்கர் கலைக்கூடத்தில், நண்ட்லெ ஏரிக்கரையிலிருந்து ஸ்னோடன் மலையைக் காட்டும் படம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஒரு மீட்டர் உயரமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உள்ள அந்தத் துணியில் முதலில் கண்ணில் படுவது அமைதி. முன்னே அசையாத நீர். இருபுறமும் மலைச்சரிவுகள் திரை விலகுவதுபோல் தாழ்ந்து விலக, நட்ட நடுவில் சிகரம் எழுகிறது. கரையில் மீன் பிடிக்கும் சிறு உருவங்கள். தெய்வமும் வீரனும் அதில் இல்லை, இடிந்த ரோமானிய வளைவும் இல்லை. ஒளியை மட்டும் அவர் இத்தாலியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களோடு அந்தப் படத்தின் முன் நின்றிருந்தேன். 15 வயது மாணவி ஒருத்தி மற்றவர்கள் நகர்ந்த பின்னும் நகரவில்லை. படத்தில் உள்ள சரிவுகளைக் கையால் சுட்டி ஒவ்வொன்றின் வெல்ஷ் பெயரையும் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அது தன் ‘தைட்’ பிறந்த ஊர் என்றாள். தைட் என்றால் வடக்கு வேல்ஸ் வழக்கில் தாத்தா. அவருடைய முன்னோர்கள் நண்ட்லெ பள்ளத்தாக்கின் பலகைக்கல் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள். படம் வரையப்பட்ட காலத்தில் அங்கே இரண்டு ஏரிகள் இருந்தன. கல்வெட்டும் தொழில் வளர்ந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கீழ் ஏரியை வற்றச் செய்துவிட்டார்கள். இன்று போனால் மேல் ஏரி மட்டுமே இருக்கிறது; சுற்றிலும் உடைந்த கற்கள் குன்றுகளாகக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கற்குவியல்களும் சேர்ந்த நிலப்பரப்பு 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கெல்லாம் முந்தைய பள்ளத்தாக்கைத்தான் வில்சன் பார்த்து வரைந்திருக்கிறார். ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளாகக் காணாத நீரை அந்தப் பெண் ஒரு படத்தில் கண்டுகொண்டிருந்தாள். இப்படி ஒரு படத்தை வரைந்தவருக்குப் பிறந்த ஊர் முக்கியமில்லை என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து கடேர் இத்ரிஸ் என்ற மலை. இத்ரிஸ் என்ற பூதாகாரனின் நாற்காலி என்று பெயர். அங்கே ஓர் இரவு தூங்கி எழுபவன் கவிஞனாகவோ பைத்தியமாகவோ எழுவான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மின்ஃபோர்த் பக்கமிருந்து ஏறினால் ஓக் மரங்களுக்கிடையே ஓடையை ஒட்டிப் படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. மூச்சு வாங்கி மேலே வந்ததும் மரங்கள் நின்றுபோய், மலை கிண்ணம்போல் குடைந்து வைத்திருக்கும் காய் ஏரி கண்ணெதிரே வருகிறது. பெயரைத் தமிழில் இப்படி எழுதும்போது நம் காய் நினைவுக்கு வந்தாலும் உச்சரிப்பு இதுதான். முதல் தடவை நான் போனபோது மேகம் ஏரியின் மேல் படுத்திருந்தது. பாறைச்சுவர் அரை நிமிடம் தெரிந்து அரை நிமிடம் மறைந்தது. வில்சன் இந்த ஏரியை வரைந்த படம் லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அரை மீட்டர் உயரமும் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும்தான். நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் உள்ளதை உள்ளபடி வரையவில்லை. பாறையின் விளிம்பைச் சீர்செய்திருக்கிறார். சிதறிய கோடுகளை அடக்கியிருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது நெஞ்சில் வந்து இறங்கும் ஒரு மௌனம் இருக்கிறதே, அது அந்தச் சிறு துணியில் முழுசாக இருக்கிறது. நியோபி படத்தில் மலையைப் பேச வைக்க அவருக்கு அப்பல்லோ தேவைப்பட்டான். இங்கே எவரும் தேவைப்படவில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த மொழியில் எழுதுகிற நாம் இந்த மாற்றத்தின் அளவை உணரக்கூடியவர்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பகுதியை நான் மிக நீளமாக எழுதியிருந்தேன்.

இந்தப் படங்களில் சிலவற்றைச் செதுக்கி 1775இலும் அதை ஒட்டியும் பாய்டெல் அச்சுப் படங்களாக வெளியிட்டார். பயங்கரமான காடுமலை என்று பயணிகள் ஒதுங்கிப்போன நாட்டைத் தேடி ஓவியரும் பயணிகளும் வரத் தொடங்கியதில் வில்சனின் கைக்குப் பங்கு உண்டு. தங்கள் பதிவின்படி அவருடைய ஒரே பெருமையாகிய டர்னரும் அப்படி வந்தவர்தான். 1790களில் இளைஞராக வேல்ஸில் சுற்றியபோது அவர் வில்சன் பிறந்த இடத்தையும் தேடிப் போனார். வில்சன் வரைந்த தோல்பாடர்ன் கோட்டையைத் தாமும் வரைந்து, அதையே அகாதமிக்குத் தம் உறுப்பினர் படமாகக் கொடுத்தார். டர்னருக்கே தேவைப்பட்ட பிறந்த ஊர் தங்கள் வாசகருக்குத் தேவைப்படாதா?

தங்கள் மறுமொழியில் ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கினை மேற்கோள் காட்டியிருந்தீர்கள். இயற்கையை ஆழ்ந்து நேசிக்கும் உண்மையான நிலக்காட்சிக் கலை ரிச்சர்ட் வில்சன் என்ற பெயரோடு இங்கிலாந்துக்குத் தொடங்குகிறது என்பது ரஸ்கின் சொன்னதன் சாரம். அதை நன்றாகப் பாருங்கள். இங்கிலாந்துக்கு என்பது நான்காம் வேற்றுமை. ஒருவர் கொடுக்க, இங்கிலாந்து பெற்றுக்கொள்கிறது. அந்த நான்காம் வேற்றுமையை ஆறாம் வேற்றுமையாக்கி, கொடுத்தவரையே இங்கிலாந்தின் உடைமையாகத் தாங்கள் எழுதிவிட்டீர்கள்.

வில்சன் வாழ்நாளின் பெரும்பகுதியை லண்டனில் கழித்தார் என்பதையோ, ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளை வரைந்து பிழைத்தார் என்பதையோ, அவர் காட்டும் வேல்ஸில் இத்தாலிய வெயில் அடிக்கிறது என்று விமர்சகர்கள் குறை சொல்வதையோ நான் மறைக்கவில்லை. என் பக்கங்களில் இவை எல்லாம் இருந்தன. ‘பிரித்தானிய ஓவியர்’ என்று தாங்கள் எழுதியிருந்தால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன், ஏனெனில் அது உண்மை. ஆங்கிலேயர் என்பது உண்மை இல்லை. ஆங்கிலேயர் என்றால் இங்கிலாந்து என்ற நாட்டின் மக்கள். வெல்ஷ் மக்கள் வேறு நாடும் வேறு மொழியும் உடையவர்கள். அவர்கள் மொழியில் அவர்கள் நாட்டின் பெயர் ‘கம்ரி’; ஒரே நாட்டவர் என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. ‘வேல்ஸ்’ என்பதோ அந்நியர் என்ற பொருளில் ஆங்கிலேயர் அவர்களுக்கு இட்ட பெயரிலிருந்து வந்தது.

தமிழ் வாசகரின் வழக்கம் என்கிறீர்கள். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று வந்தால் வேல்ஸும் அதில் அடங்கியதாகவே கொள்ள வேண்டும் என்று 1746இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வில்சன் அப்போது அதே நகரில் முகங்களை வரைந்துகொண்டிருந்தார். வேல்ஸைப் பொறுத்தவரை அந்த விதி நீங்கியது 1967இல்தான். நமக்குத் தமிழில் பூகோளம் சொல்லித் தந்த பாடநூல்கள் எல்லாம் அந்த விதி உயிரோடு இருந்த காலத்தில் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. எந்த மக்கள்மேல் அது சுமத்தப்பட்டதோ அவர்களே அதை இறக்கி வைத்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் நாம் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

கலைக்களஞ்சியம் நடத்துகிறவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ‘வேல்ஸ்’ என்று தேடினால் ‘இங்கிலாந்து என்ற தலைப்பில் காண்க’ என்று மட்டுமே இருந்ததாக வெல்ஷ் மக்கள் இன்றும் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அந்தத் தொடரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தங்கள் தொகுதி வந்த அன்று, அதில் என்ன இருக்கிறது என்று ஆசையோடு கேட்ட வரலாற்று ஆசிரியரிடம் அந்த முதல் வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ‘உங்கள் மொழியிலுமா?’ என்று மட்டும் கேட்டார். என் தந்தை தென்காசிக்காரர். நாக்பூர் ரயில்வேயில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே கடைசி நாள் வரை அவருக்கு ‘மதராசி’ என்றுதான் பெயர். அப்படி அழைக்கப்படும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அன்று அந்த ஆசிரியரின் முகத்தில் அதையே கண்டேன்.

தமிழ் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. வில்சனிடம் தொழில் பழகியவர்களில் ஒருவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில், 1772 முதல் 1775 வரை, தென்கடல் தீவுகளை வரைந்தவர். அவரே 1780இல் சென்னப்பட்டினத்தில் வந்து இறங்கினார். ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்த ஆண்டு அது. போரும் நோயுமாக ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே முடங்கிவிட்டு, பிறகு வங்காளத்துக்குப் போனார். இந்தியாவுக்கு வந்து நிலக்காட்சி வரைந்த முதல் தொழில்முறைப் பிரித்தானிய ஓவியர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெனகோஸ் குருவின் மகனிடம் வானத்தை வரையக் கற்ற ஒருவர் நம் கடற்கரையின் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி ஓராண்டு இருந்திருக்கிறார் என்ற செய்தி, பக்கச் சுருக்கம் என்ற காரணத்தால் போய்விட்டது. அது 6 வரிதான் இருந்தது.

இன்னொரு மாணவர் தாமஸ் ஜோன்ஸ், அவரும் வெல்ஷ்காரர். 1763 முதல் இரண்டு ஆண்டுகள் வில்சனிடம் இருந்தார். 1782இல் நேப்பிள்ஸ் நகரில் தம் அறைக்கு எதிரே இருந்த ஒரு வீட்டுச் சுவரை, அதில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடும் நீர் வழிந்த கறையோடும், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு தாளில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஆசிரியர் இறந்த அதே ஆண்டு. அவருடைய இந்தச் சிறு படங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1950களில்தான். இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அந்தச் சுவரின் முன் நின்று பார்க்காத மாணவர் அரிது. அவருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, வட்டார ஓவியர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது.

இனி, அவர் முடிவு. வில்சனின் படங்களுக்கு 1770களில் மவுசு குறைந்தது. விட்டுக்கொடுத்துப் பேசத் தெரியாதவர். தயவு தேடிப் போகாதவர். ஒரு விருந்தில், உருவப்பட ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற அகாதமித் தலைவர் ரெனால்ட்ஸ் எழுந்து நம் காலத்தின் மிகச் சிறந்த நிலக்காட்சி ஓவியர் கெய்ன்ஸ்பரோ என்று வாழ்த்துச் சொல்ல, மிகச் சிறந்த உருவப்பட ஓவியரும் அவரே என்று வில்சன் உடனே சேர்த்துச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1776இல் அகாதமியின் நூலகர் பதவி காலியானபோது, ஆண்டுக்கு 50 பவுன் சம்பளத்தில் அது அவருக்குக் கிடைத்தது. அதை வைத்துத்தான் வாழ்ந்தார். லண்டனில் வறுமை இருந்தது உண்மை. ஆனால் அவர் அங்கே இறக்கவில்லை. 1781இல் ஊர் திரும்பினார். மோல்டுக்கு மேற்கே, லான்ஃபெரஸ் ஊரை ஒட்டிய கோலோமென்டி என்ற வீட்டில் உறவுக்காரப் பெண்மணி கேத்தரின் ஜோன்ஸ் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். 1782 மே 11 அன்று அங்கேதான் கண்ணை மூடினார்.

நான் வாரம் ஒருமுறையாவது அந்த வழியாக நடக்கிறேன். சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே அலின் ஆறு ஓடும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய விடுதி இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையை வில்சன் வரைந்தார் என்று ஊரார் சொல்கிறார்கள். அது உறுதியோ இல்லையோ, 240 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் எங்களவர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊருக்கு ஆசை இருக்கிறது. அவருக்கு அந்த முடிவில் ஓர் உறவினரின் கை கிடைத்தது. சொந்த மலைகள் கிடைத்தன. ‘லண்டனில் வறுமையில் இறந்தார்’ என்ற மூன்று சொற்கள் அதை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றன. ஒரு வில்சன் படத்தைப் பார்த்த ஆங்கில நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் 1823இல் எழுதும்போது, அது இன்னும் தம் மூளையில் இனிய கனவுபோல் மிதப்பதாகச் சொல்லி, அவருடைய விதியை நினைத்துப் பாருங்கள், அவருடைய மகத்துவத்தை நினைத்துப் பாருங்கள் என்று எழுதினார். தங்கள் பதிவில் விதி மட்டும் இருக்கிறது, அதுவும் தவறாக.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். சுருக்கப் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் முதல் வரியில் உள்ள ‘ஆங்கிலேய ஓவியர்’ என்பதை ‘வெல்ஷ் ஓவியர்’ என்று மாற்றுங்கள். மனம் வராவிட்டால் ‘வேல்ஸில் பிறந்த பிரித்தானிய ஓவியர்’ என்றாவது போடுங்கள். இறந்த இடத்தையும் நாளையும் திருத்துங்கள். அவர் வரைந்தவற்றில் தாங்கள் அச்சிட்டிருக்கும், ரோமைக் காட்டும் ஒரே படத்தோடு நண்ட்லெ ஏரிப் படத்தையோ காய் ஏரிப் படத்தையோ சேர்த்து அச்சிடுங்கள். பெரிய பதிப்பின் அடுத்த அச்சில் வேல்ஸைப் பற்றிய பகுதியையும் ஹாட்ஜஸைப் பற்றிய 6 வரிகளையும் திரும்பச் சேருங்கள். முழுப் பகுதிக்கும் இடமில்லை என்றால் ஒரு பக்கத்தில் நானே சுருக்கித் தருகிறேன்.

தாமஸ் ஜோன்ஸுக்குத் தனிப் பதிவு வேண்டும். சன்மானம் இல்லாமலே எழுதித் தருகிறேன். வெல்ஷ் இடப்பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்காமல் அந்த மொழி பேசுவோரின் உச்சரிப்பைக் கேட்டு எழுதுங்கள். ஸ்னோடனுக்கு ‘அர் வித்வா’ என்ற பெயரையே தன் ஆவணங்களில் பயன்படுத்துவதென அந்தத் தேசியப் பூங்காவின் ஆணையம் 2022இல் முடிவெடுத்துவிட்டது. தமிழில் இரண்டு பெயர்களையும் சேர்த்துத் தரலாம். அவர்கள் மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்கு ‘டிர்லின்’ என்று பெயர், நிலம் என்ற சொல்லும் படம் என்ற சொல்லும் சேர்ந்தது. கலைச்சொல் பட்டியலில் நம் ‘நிலக்காட்சி’க்குப் பக்கத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நூலகங்களுக்குப் போய்விட்ட பிரதிகளுக்கு ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டு அனுப்புங்கள். அச்சுச் செலவு தடையாக இருந்தால் அதை நான் ஏற்கிறேன்.

இவற்றில் முதல் இரண்டையும் செய்ய இயலாது என்று குழு முடிவெடுத்தால், சுருக்கப் பதிப்பின் பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள். நீக்கியதை எழுத்தில் எனக்குத் தெரிவியுங்கள்.

மோல்டிலிருந்து,
வில்சன் பதிவை எழுதி அனுப்பிய ஓவிய ஆசிரியர்